இடது ஓரத்து மங்கல்

லென்ஸ் பெட்டியோடு அவன் அந்த வீட்டு வாசலில் இறங்கியபோது காலை வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பயப்படுவதற்கான வேளையே அல்ல. ஒரு மூலையில் ஜெனரேட்டர் வண்டி உறுமிக்கொண்டிருக்க, இரண்டு பேர் ஏணி போட்டு மாடி ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சித் தொடரில் நள்ளிரவு பெரும்பாலும் காலைச் சாப்பாடு முடிந்த கையோடு வந்துவிடும். துணியைக் கட்டினால் இரவு, அவிழ்த்தால் பகல்.

அவன் கேமராமேன். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாதவன். கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. கல்யாண வீடியோவில் தொடங்கி, சோப்பு விளம்பரம், ஊர் பேர் தெரியாத தொடர்கள், பெரிய படங்களில் இரண்டாவது கேமரா என்று காலம் ஓடிவிட்டது. பெயர் மட்டும் தனியாக எழுந்து திரையில் நிற்கிற ஒரு சினிமா இன்னும் வாய்க்கவில்லை. "உங்க பேரு வருமான்னு தியேட்டர்ல கடைசி வரைக்கும் உக்காந்திருக்கற ஒரே குடும்பம் நாமதான்" என்று மனைவி கேலி செய்வாள். கேலிதான், இருந்தாலும் சுருக்கென்று தைக்கும்.

இந்தத் தொடரை முடித்துக் கொடுத்தால் அந்தச் சினிமா கிடைக்கும். இயக்குநரே வாய் திறந்து சொல்லியிருந்தார். பாதி வரை எடுத்த சீனியர் கேமராமேன், கண்ணில் ஏதோ கோளாறு என்று தானாகவே விலகிக்கொண்டாராம். மீதியை அதே மாதிரி எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒருவர் விட்ட வேலையை இன்னொருவர் எடுக்கும்போது, முதலில் அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுவது இந்தத் தொழிலின் மரியாதை. அவனும் போட்டிருந்தான். சீனியர் நல்லபடியாகத்தான் பேசினார். எந்த லைட்டை எங்கே வைத்தார், என்ன லென்ஸ் போட்டார் எல்லாம் ஒளிக்காமல் சொன்னார். போனை வைக்கப்போகும் நேரத்தில்தான் குரல் தாழ்ந்தது.

"தம்பி, மாடி ரூம்ல மட்டும் ரிவர்ஸ் எடுக்காதீங்க."

ரிவர்ஸ் என்பது வேறொன்றுமில்லை. பேசுகிறவரை ஒரு பக்கமிருந்து எடுத்த பிறகு, கேமராவைத் திருப்பி வைத்து அவருக்கு எதிரில் இருப்பவரை எடுப்பது. அது இல்லாமல் இரண்டு பேர் பேசும் காட்சியே கிடையாது. ஏன் என்று அவன் கேட்டான். எதிர்ச் சுவர் நன்றாக இல்லை என்று இயக்குநரிடம் சொல்லிவிடுங்கள் என்றார் அவர். கேட்டதற்கு அது பதில் இல்லை.

அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. தான் விட்ட இடத்தில் இன்னொருவன் பேர் வாங்கினால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை என்று நினைத்துக்கொண்டான்.

மாடி அறையில் ஈரத்துணியை மடித்து வைத்து மறந்துபோன அலமாரியின் வாடை அடித்தது. ஜன்னல் அடைத்து லைட் போட்ட அறை எப்போதும் வேகும். இது வேகவில்லை. கதைப்படி அங்கே ஒரு நோயாளித் தாய் சாய்வு நாற்காலியில் கிடப்பாள், பிள்ளைகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். அவர்களையும் அதே பக்கமிருந்தே எடுத்துவிடலாம், ரிவர்ஸ் வேண்டியிருக்கவில்லை. தாயாக நடித்தவரைப் படப்பிடிப்பில் எல்லோரும் பெரியம்மா என்றே கூப்பிட்டார்கள். தடித்த கண்ணாடி போட்டவர். ஷாட் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிடுவார், அதற்குப் பிறகு அவருக்கு எதிரில் இருப்பது ஆளா அலமாரியா என்று பாதிதான் தெரியும்.

கேமராவின் கண்துளையில் வலது கண்ணை வைத்தான். பெரியம்மாவின் முகம் அழகாக நின்றது. ஆனால் படத்தின் இடது ஓரத்தில், கீழிருந்து மேல்வரை, ஒரு மங்கல்.

லென்ஸைத் துடைத்தான். மங்கல் போகவில்லை. வேறு லென்ஸ் போட்டான், கண்துளையையும் துடைத்தான். அது அங்கேயே இருந்தது. துடைக்காமல் விட்டது இன்னும் ஒன்றுதான், அவன் கண்.

அவன் அப்பாவுக்கும் இந்த வயதில்தான் பார்வை போகத் தொடங்கியது. இடது ஓரத்திலிருந்துதான். முதலில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார், பிறகு தட்டின் இடது பாதியில் இருந்த சோற்றைச் சாப்பிடாமல் எழுந்தார். வீட்டில் எல்லோரும் அதற்குச் சிரித்தார்கள். அடுத்த வருடம் யாரும் சிரிக்கவில்லை.

ஒரு சின்னச் சோதனை போதும். கண்ணில் இருக்கிற கறை, கேமராவின் ஃபோகஸை எப்படித் திருப்பினாலும் மாறாது. கேமராவுக்கு முன்னால் இருக்கிற பொருளானால், ஃபோகஸ் கிட்டே வர வரத் தெளியும். கேமரா தொட்ட எவனுக்கும் தெரிந்த விஷயம். இயக்குநரின் மானிட்டரை எட்டிப் பார்த்தாலும் போதும், அது அடுத்த அறையில்தான் இருந்தது. அவன் இரண்டையும் செய்யவில்லை. மானிட்டரில் அது இல்லாவிட்டால் கண் போனது உறுதியாகிவிடும். கண் போன கேமராமேன் என்ற பேச்சு வெளியே போனால் சினிமாவும் இல்லை, தொடரும் இல்லை, கல்யாண வீடியோவும் இல்லை. தெரியாதவரைக்கும் நல்ல கண்தானே.

எனவே கேமராவைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினான். மங்கல் ஓரத்தோடு போய்விட்டது.

"ரெடி" என்றான்.

மறுநாள் அது மறுபடி உள்ளே வந்திருந்தது.

அன்றைக்கும் வலப்பக்கம் நகர்த்தினான். அதற்கடுத்த நாளும் அப்படியே. நகர்த்த நகர்த்த, அதுவும் அசையாமல் அசைந்து பின்னோடு வந்தது. பெரியம்மாவின் முகம் நடுவிலிருந்து நழுவி நழுவிப் படத்தின் ஓரத்துக்கே போய்விட்டது. இப்படி ஒரு கோணத்தை எந்த இயக்குநரும் பொறுக்க மாட்டார். இவர் பொறுத்தார். நன்றாக இருக்கிறது, புதுசாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். அதுதான் அவனை முதலில் உறுத்தியது. தொழிலில் சும்மா கிடைக்கிற பாராட்டை அவன் பார்த்ததே இல்லை.

அதன் பிறகு எல்லார் மேலும் சந்தேகம் வந்தது. லைட் அண்ணன், லைட்களுக்குத் தலைவர், நல்ல அனுபவசாலி. ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னாலும் கேமராவின் இடப்பக்கம் ஒரு கறுப்பு அட்டையைக் கொண்டுவந்து வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். எதற்கு என்று கேட்டால் வெளிச்சம் சிதறுகிறது என்றார். அங்கே சிதறுவதற்கு வெளிச்சமே இல்லை. என் கண் கோளாறு தெரிந்துபோய் இவர் எனக்கு முட்டுக்கொடுக்கிறாரா, இல்லை ஆழம் பார்க்கிறாரா என்று அவனுக்குப் புரியவில்லை.

ஃபோகஸ் பார்க்கும் பெண்ணை எல்லோரும் டேப்பு என்பார்கள். கேமராவுக்கும் நடிகருக்கும் உள்ள தூரத்தை அளக்கும் டேப் எப்போதும் அவள் கழுத்தில் மாலையாகத் தொங்கும். வாய்த்துடுக்கான பெண், சாப்பாட்டு நேரத்தில் அவள் இருக்கும் பக்கம்தான் சிரிப்புச் சத்தம் கேட்கும். ஆனால் மாடி அறைக்குள் வந்தால் வாயே திறப்பதில்லை. அளக்கப்போகும்போது நேராக நடக்காமல் இடப்பக்கம் வளைந்து, எதையோ சுற்றிக்கொண்டு போனாள். அங்கே தரையில் ஒயர்கூட இல்லை. கேமரா ஓடும்போது அவள் நடிகையைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்தாள். சரிதான், இவள் தயாரிப்பு மேனேஜரின் ஆள், நம் கண்ணை வேவு பார்க்க வைத்திருக்கிறார்கள் என்று அவன் முடிவுகட்டினான்.

எடிட்டர் வேறு ஒரு நாள் போனில் வந்தார். இடது ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக்கொள்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள் என்றார். சீனியர் எடுத்ததையும் அப்படித்தான் வெட்டினேன் என்றார். ஏன் என்று அவன் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் போனை வைத்தார்கள்.

வீட்டில் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். எதைப் பார்த்தாலும் தலையை வலப்பக்கம் சாய்க்கிறீர்களே என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். அவன் எரிந்து விழுந்தான். பிறகு பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று, தன் வலது கண்ணை ரொம்ப நேரம் பார்த்தான். பார்க்க நல்ல கண்ணாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

கடைசி நாளும் வந்தது. வெளியே உச்சி வெயில், உள்ளே கும்மிருட்டு. தாய் சாகும் காட்சி. பெரியம்மாவின் முகத்தில் சின்னதாக ஒரு வெளிச்சம், மற்றபடி அறை முழுக்க இருள். மங்கல் இப்போது படத்தின் பாதியை விழுங்கியிருந்தது. இதற்குமேல் வலப்பக்கம் நகர்த்த இடமில்லை, சுவர்தான் இருந்தது.

எப்படியோ எடுத்து முடித்தார்கள். கட் என்ற குரல் அடுத்த அறையிலிருந்து வந்தது. பெரியம்மா ஒரு பெருமூச்சு விட்டு, கண்ணாடி போடாத கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கேமரா பக்கம் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, அந்தப் பொண்ணை இனிமேலாவது உக்காரச் சொல்லுங்க. பாவம், கால் வலிக்காதா?"

"எந்தப் பொண்ணும்மா?"

"எனக்கு லுக் குடுக்க நிறுத்தியிருக்கீங்களே, அந்தப் பொண்ணு. முதல் நாள்லேர்ந்து நிக்குது."

தனியாக முகத்தை எடுக்கும்போது, எதிரில் பேசுகிற நடிகர் இருக்க மாட்டார். அவருடைய வேலை முடிந்தால் கிளம்பிப் போய்விடுவார். பார்வை அலையாமல் இருக்கக் கேமராவுக்குப் பக்கத்தில் யாரையாவது நிறுத்துவார்கள், நடிகை அவரைப் பார்த்துப் பேசுவார். அதுதான் லுக் கொடுப்பது. இத்தனை நாளும் யார் நிற்கிறார்கள் என்று அவன் கவனிக்கவில்லை, உதவி இயக்குநர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டான். கேமரா பக்கம் ஆள் நிறுத்தியிருப்பார்கள் என்று அவர்களும் இருந்துவிட்டார்கள்.

"ஆடாது அசையாது. நல்ல பொண்ணு. இப்படி யாருமே நின்னதில்ல எனக்கு" என்றார் பெரியம்மா.

அவன் நிமிர்ந்து பார்த்தான். கேமராவுக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒருவரும் இல்லை.

மறுபடி கண்துளையில் கண்ணை வைத்தான். மங்கல் அங்கேயே இருந்தது. கை தானாக லென்ஸ் மேல் போயிற்று. இத்தனை நாள் செய்யாமல் வைத்திருந்த அந்தச் சோதனையை இப்போது செய்தான். ஃபோகஸ் வளையத்தை மெதுவாகத் திருப்பினான்.

பெரியம்மாவின் முகம் கலங்கிக் கரைந்தது.

மங்கல் தெளியத் தொடங்கியது.

முதலில் துணியின் நூல் தெரிந்தது. அப்புறம் தையல். அப்புறம் ஈரமாக ஒட்டிக்கிடந்த முடி.

ஒரு காது.

அது ஒரு தோள். கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, லென்ஸுக்கு மிகக் கிட்டத்தில் நின்று, ஒரு பெண் பெரியம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓவர் ஷோல்டர் என்று தொழிலில் சொல்வார்கள். எதிரில் நிற்பவரின் தோளுக்கு மேலாகப் பேசுகிறவரை எடுப்பது. ஓரத்தில் அந்தத் தோள் மங்கலாகத் தெரியும். சீனியரும் அவனும் இந்த அறையில் எடுத்த ஒவ்வொரு ஷாட்டும் அதுதான்.

கண்ணை எடுத்தான். உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. ஆனால் வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அவனுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். என் கண் நன்றாக இருக்கிறது.

பயம் அதற்குப் பின்னால் வந்தது. அவன் சுற்றிலும் பார்த்தான். டேப்பு கழுத்து டேப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். லைட் அண்ணன் கூரையைப் பார்த்தார். மானிட்டரில் பார்த்திருந்த இயக்குநர் எழுந்து வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

"உங்களுக்கும் தெரிஞ்சுதா?" என்று டேப்பு முணுமுணுத்தாள். தன் ஃபோகஸ் தப்பு என்று நினைத்தாளாம். சொன்னால் வேலை போய்விடும் என்று பேசாமல் இருந்தாளாம், அந்த இடத்தில் கால் வைக்க மட்டும் மனம் வரவில்லையாம். லைட் அண்ணன் தன் விளக்கின் குறை என்று நினைத்திருந்தார். இயக்குநர் என்ன நினைத்தார் என்று அவர் சொல்லவில்லை, இந்த வீட்டை விட்டால் தொடர் நின்றுவிடும் என்று மட்டும் சொன்னார். அங்கே வேலை நிரந்தரம் என்று ஒருவருக்கும் கிடையாது. அவரவர் குறை என்று அவரவர் மறைத்து, எல்லோருமாகச் சேர்ந்து அவளை ஒளித்து வைத்திருந்தார்கள்.

கிளம்பிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள் என்று அவன் காத்திருந்தான். இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

"ஒரே ஒரு ஷாட் பாக்கி. சாகும்போது அம்மாவுக்கு எதிர்ல யாருமே இல்லன்னு காட்டணும். ரிவர்ஸ்."

சீனியரின் குரல் அவன் காதில் கேட்டது. எதிர்ச் சுவர் நன்றாக இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். சொன்னால் தொடர் முடியாது. தொடர் முடியாவிட்டால் சினிமா இல்லை. வாயை மூடிக்கொண்டு கேமராவைத் தூக்கினான்.

பெரியம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் கேமரா நின்றது. இப்போது இவர் தோளுக்கு மேலாக, அந்தப் பெண் நின்ற இடம் நேராகத் தெரியும். அவள் முகம் தெரிய வேண்டும். டேப்பு அளக்க வரவில்லை, கண்ணை மூடிக்கொண்டு சுவரோரம் நின்றாள். அவனே ஃபோகஸ் வைத்தான். ஜன்னல் துணி ஒரு தரம் உப்பி அடங்கியது.

கண்துளையில் கண்ணை வைத்தான்.

வெறும் சுவர். காலி இடம்.

எவ்வளவு நேரம் பார்த்தும் காலி இடம்தான். இடது ஓரம் துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக இருந்தது. அந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் அப்படி ஒரு படத்தை அவன் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஷாட் முடிந்ததும் எல்லோரும் வேகவேகமாகப் பிரமாதம் என்றார்கள், வேகவேகமாக ஒயர்களைச் சுருட்டினார்கள்.

பெரியம்மா மட்டும் எதிரே தேடினார். "எங்க போச்சு அந்தப் பொண்ணு?" என்றார். பிறகு நாற்காலியில் உடம்பைத் திருப்பி, கேமராவுக்குப் பின்னால் குனிந்திருந்த அவனைப் பார்த்துச் சிரித்தார்.

"இங்க வந்துடுச்சா. என்ன எடுத்தீங்கன்னு உங்க தோளுக்கு மேல எட்டிப் பாக்குது பாருங்க."

அவன் திரும்பவில்லை. கேமராவைக்கூடக் கழற்றாமல், பின்னால் யாரோ ஜன்னலின் கறுப்புத் துணியைக் கிழிக்கும் சத்தம் கேட்டும் நிற்காமல், படியிறங்கி வெயிலுக்கு வந்துவிட்டான். பின்கழுத்தில் ஈரம் பட்டது. வியர்வை என்று சொல்லிக்கொண்டான்.

கொடுத்த வாக்குப்படி இயக்குநர் சினிமாவைக் கொடுத்தார். மனைவி வீடு வீடாகப் போன் போட்டுச் சொன்னாள். படப்பிடிப்பு தொடங்கும் முன்னால் கண்ணை ஒரு தடவை காட்டிவிட்டு வந்துவிடுங்கள் என்று அவள் பிடிவாதம் பிடித்தபோது அவன் மறுக்கவில்லை. கண் நன்றாகத்தான் இருக்கிறது, போய் வந்தால் அவளுக்கும் நிம்மதி.

கண் டாக்டர் கலகலப்பான பெண்மணி. சினிமாக்காரரா, எங்களையும் ஒரு காட்சியில் நிறுத்துங்கள் என்று சொல்லிக்கொண்டே அவன் முகவாயைக் கருவியின் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டச் சொன்னார். விளக்கை அணைத்தார். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, கருவியின் துளையில் தன் கண்ணை வைத்து அவன் கண்ணுக்குள் பார்த்தார். பேசிக்கொண்டே இருந்தவர் பேச்சைப் பாதியில் நிறுத்தினார்.

கருவியின் கண்ணாடியை ஒரு துணியால் துடைத்தார். மறுபடி பார்த்தார். தன் கண்ணையும் கசக்கிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"என்ன டாக்டர்?" என்று அவன் கேட்டான்.

"ஒண்ணுமில்ல சார். உங்க கண்ணு ரொம்ப நல்லா இருக்கு" என்றார் அவர், கொஞ்சம் அவசரமாக.

பிறகு, அவன் ஆடாமல் பார்த்துக்கொண்டிருக்க, கருவியைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினார்.